எட்டே முக்காலுக்கு எல்லோரும் நலம்

காலை எட்டே முக்காலுக்கெல்லாம் அவர் அன்றைய நோயாளிகள் அத்தனை பேரையும் குணப்படுத்தி முடித்திருப்பார். முதல் நோயாளி ஒன்பதரைக்குத்தான் படியேறி வருவார்.

நெல்லித்தோப்பில் ஒரு மளிகைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே மாடிக்குப் போகும் குறுகலான படி. மேலே பல் மருத்துவமனை. இரண்டு நாற்காலிகள், ஒரே மருத்துவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய பழைய நோயாளிகள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவரை நல்ல டாக்டர் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். காத்திருக்க வைக்காத டாக்டர் என்ன செய்தாலும் இந்த ஊர் மன்னித்துவிடும்.

எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை. முயற்சி செய்ததும் இல்லை.

நான் அரசுப் பணியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி பல் பிரிவில் கழிந்தது. எந்தக் கருவியை எதில் எத்தனை நிமிடம் ஊறவைக்க வேண்டும், மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும், பல் பிடுங்கிய பிறகு எவ்வளவு நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற எட்டாம் மாதம் அவர் ஆள் அனுப்பினார். அவருடைய மருத்துவமனைக்குத் தரச்சான்றிதழ் வாங்க ஆசை. அதற்கு நடைமுறை தெரிந்த ஒரு ஆள் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து, தொடர்களில் வரும் நர்ஸுகள் கையுறை போடாமல் ஊசி குத்துவதைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த எனக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஆள் பார்க்க நன்றாக இருப்பார். ஐம்பது வயதிருக்கும். சொல்தா குடும்பம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் நிமிர்வு பேரனின் முதுகிலும் இறங்கியிருந்தது. படியேறி மூச்சு வாங்கி நிற்கிற எல்லோருக்கும் "போன்ஜூர், முசியே" சொல்வார். பாகூர் பக்கத்திலிருந்து வந்த விவசாயி என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்புவார். நோயாளியின் கோப்பை அவர் ஃபைல் என்று சொல்ல மாட்டார். தொசியே என்பார். நீல மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, ஒரு அடித்தல் கிடையாது.

முதல் வாரம் அந்தத் தொசியேக்களைப் பார்த்து நான் சொக்கிப்போனேன். அரசுக் கோப்புகளில் நான் கண்டதெல்லாம் டீக்கறை, தேதி இல்லாத கையெழுத்து, பாதியில் நின்ற வாக்கியம். இங்கே ஒரு கட்டமும் காலியாக இல்லை. மருந்துகள் குறித்துக் கேட்கப்பட்டது. ஒவ்வாமை குறித்துக் கேட்கப்பட்டது. பல் அகற்றப்பட்டது. பதினொன்று இருபதுக்கு ரத்தம் நின்றது. அரை மணி நேரம் கண்காணிக்கப்பட்டார். அறிவுரைகள் வழங்கப்பட்டன. நோயாளி நலம். மறுநாள் போனில் விசாரிக்கப்பட்டது, வலி இல்லை.

கடைசியில் ஒரு கோடு. 'உடன் சரிபார்த்தவர்.' அது எனக்கு.

இரண்டாவது வாரம் ஒருநாள் சீக்கிரம் போய்விட்டேன். கருவிகளை நீராவியில் சுத்தம் செய்கிற ஆட்டோகிளேவைப் போட்டுவிட்டு வெளியே வந்தால் அவர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அன்றைய தேதியில், அன்றைய நோயாளிகளுக்கு. ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன்.

"டாக்டர், இவங்க இன்னும் வரவேயில்ல. பதினொன்னு இருபதுக்கு ரத்தம் நின்னுதுன்னு எழுதியிருக்கீங்க."

அவர் நிமிரவில்லை. "வருவாங்க. எடுப்போம். நிக்கும். அப்புறம் என்னா சிஸ்டர்?"

"நிக்கலன்னா?"

"நிக்காம எங்க போவும்?"

"நாளைக்கு போன் பண்ணி விசாரிச்சதா வேற எழுதியிருக்கு."

"நாளைக்கு எழுத நேரம் இருக்காது, நாளைக்கு ஆளுங்களுக்கு எழுதணும்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. என் புரிதல் மந்தமாக இருப்பதைப் பொறுத்துக்கொண்டு சொன்னார்.

அந்த மனிதரின் சாரம் அவ்வளவுதான். காரியத்துக்கு முன்னால் எழுத்து. எழுதியாகிவிட்டால் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகு வாய் ஒன்று எதிரே திறந்திருப்பது அவருக்கு ஒரு சம்பிரதாயம்.

பொய் எழுதுகிறவன் தான் எழுதுவது பொய் என்று தெரிந்து எழுதுவான். அவனோடு சண்டை போடலாம். இவர் நம்பினார். பல் எடுத்துக்கொண்டு போன ஒரு லாரி டிரைவர் மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றார். பேசக்கூட முடியவில்லை, கையால் காட்டினார். எங்கள் டாக்டர் அந்தக் கன்னத்தைப் பார்க்காமல் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா வரவேற்பு மேசையில் இருப்பவள், நாற்பது வயது, பொறுமைசாலி. அவள் தொசியேயை எடுத்துக் கொடுத்தாள். அவர் படித்தார்.

"வீக்கம் இல்லன்னு இருக்கே."

டிரைவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒருவேளை தனக்குத்தான் தெரியவில்லையோ என்று அந்த மனிதருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ரெஜினா அஞ்சல்வழியில் பட்டப்படிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தாள் பாக்கி. தேர்வு முடிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே டாக்டர் லட்டு வாங்கிவந்து எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டார். "ஃபெலிசித்தாசியோன், மதாம் கிராஜுவேட்." முடிவு வந்தது. அவள் தேறவில்லை. கண் கலங்க வந்து சொன்னவளிடம் அவர், "அதான் ஸ்வீட் சாப்டாச்சே" என்றார். அன்று மாலை ரெஜினா என்னிடம், "சிஸ்டர், இனிமே நான் பெயிலுன்னு வெளிய சொன்னா லட்டு சாப்பிட்டவங்க திருப்பிக் கேப்பாங்களா?" என்றாள். சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

வராத நோயாளிகள் விஷயத்துக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. முன்பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்கள் தினமும் ஒருவர் இருவர் இருப்பார்கள். அவர்களும் காலையிலேயே குணமாகியிருப்பார்களே. சாயங்காலம் அந்தத் தாள்களைத் தனியாக எடுத்துக் கிழித்துப் போடுவது என் வேலை. ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு வாத்தியாரைத் திங்கட்கிழமை அடக்கம் செய்தோம். செவ்வாய்க்கிழமை அவருடைய கடைவாய்ப்பல் சொத்தை அடைக்கப்பட்டு, மென்மையான உணவு உண்ணும்படி அறிவுறுத்தப்பட்டு, நலமாக வீடு திரும்பினார். அதையும் கிழித்தேன்.

தரச்சான்றிதழுக்காக இரண்டு பேர் வந்தார்கள். என் கருவி அறையைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. பிறகு தொசியே அலமாரியைத் திறந்தார்கள். அவர்களில் இளையவர் பத்து இருபது புரட்டிவிட்டுக் கேட்டார்: "எல்லாருமே நல்லா ஆயிட்டாங்களா டாக்டர்?"

"எல்லாரும்."

"ஒருத்தருக்குக்கூட வீங்கல?"

"நல்லா பண்ணா ஏன் சார் வீங்கும்?"

அந்த இளைஞர் இன்னொரு தொசியேயைப் புரட்டினார். வேளாங்கண்ணிக்குப் போய் வருகிறவர்களில்கூட ஒன்றிரண்டு பேருக்குக் குணமாகாமல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூத்தவர் பேனாவைத் திறந்துவிட்டார். சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு மாட்டினோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நீ என்ன செய்தாய் என்று கேட்கலாம். கையெழுத்துப் போட்டேன். முதல் மாதம் ஒவ்வொரு தாளுக்கும் சண்டை. இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒரு சண்டை. மூன்றாம் மாதத்திலிருந்து காலை காபியோடு தாள்கட்டை முன்னால் வைத்துக்கொண்டு கடகடவென்று போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். கருவி அறை என்னுடையது, அது சுத்தமாக இருக்கிறது; வாய் அவருடையது. இப்படி ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொண்டேன். நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதுபோன்ற கோடுகள் நன்றாகப் போட வரும். பிற்பாடு என் பெயருக்கு வந்த கண்டனக் கடிதம் பீரோவில் இருக்கிறது. அதில் நான் மறுக்கும்படி ஒரு வரியும் இல்லை.

ஒரு புதன்கிழமை. அன்றைய தாள்கட்டில் என் தாளும் இருந்தது. கீழே இடப்பக்கம் ஆறாவது பல், எங்கள் கணக்கில் முப்பத்தாறு, விரிசல் விட்டு ஒரு வாரமாகப் படுத்திக்கொண்டிருந்தது. "பன்னண்டு மணிக்கு உங்களத எடுத்துடலாம் சிஸ்டர்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். சொன்னால் எழுதாமல் இருப்பாரா? பல் முப்பத்தாறு அகற்றப்பட்டது. பன்னிரண்டு இருபதுக்கு ரத்தம் நின்றது. நோயாளி நலம். நான் காபியைக் குடித்தபடி, என் பல் பிடுங்கப்பட்டதைச் சரிபார்த்ததாக நானே கையெழுத்துப் போட்டேன். அப்போது வேடிக்கையாக இருந்தது.

பத்தரைக்கு அஞ்சலை அம்மாள் வந்தார். தவளக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அறுபத்தைந்து வயது. மருமகள் செல்வி கூட வந்திருந்தாள். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள், அரைநாள் விடுப்பு எடுத்து அழைத்துவந்திருந்தாள். மாமியார் மடியில் ஒரு ஒயர் கூடை. நாற்காலியில் சாய்ந்தபோதும் அந்தக் கூடையைக் கீழே வைக்கவில்லை.

"போன்ஜூர் மதாம்" என்றார் டாக்டர்.

"இன்னா சொல்றாரு?" என்று மருமகளைக் கேட்டார் அஞ்சலை அம்மாள்.

"வாயத் தொறக்கச் சொல்றாரு அத்த."

அதற்குமேல் அங்கே பேச்சு நடக்கவில்லை. ஊசி, பல், பஞ்சு. "கடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் உட்காருங்கள் என்று யாரும் சொல்லாததால் அவர்கள் பத்து நிமிடத்தில் இறங்கிப் போய் பஸ் பிடித்தார்கள். நான் உள்ளே இடுக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து ஆள் வந்ததில் என் பன்னிரண்டு மணி தள்ளிக்கொண்டே போனது.

மூன்று மணிக்கு ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். அஞ்சலை அம்மாள் வாயில் ஒரு துண்டை அடைத்துப் பிடித்திருந்தார். துண்டு என்ன நிறம் என்று சொல்ல முடியாது. புடவை முந்தானை முழுக்க நனைந்திருந்தது.

டாக்டர் கையை நீட்டினார். ரெஜினா தொசியேயைக் கொடுத்தாள். அவர் படித்தார்.

"பதினொன்னு இருபதுக்கு நின்னுடுச்சே."

செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நின்னா நாங்க ஏன் சார் ஆட்டோ புடிச்சி வரோம்?"

"புதுப் பஞ்சு வெச்சிருக்கு. கடிக்கச் சொல்லுங்க. நிக்கும்."

நான் கருவி அறையிலிருந்து வெளியே வந்தது அப்போதுதான். போட்டு வைத்த கோட்டைத் தாண்டி வந்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நாலரை மணி நேரம் தாமதமாக வந்தேன். "இவங்க தெனம் என்னம்மா மாத்திர சாப்பிடறாங்க?" என்று செல்வியைக் கேட்டேன்.

அவள் ஒயர் கூடைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். கையோடு கொண்டுவந்ததுதான். காலையிலிருந்து அந்த அம்மாளின் மடியிலேயே இருந்திருக்கிறது. இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. படிக்க ஒரு வரிதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பல் எடுக்கக் கூடாது என்றில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், இதய டாக்டரைக் கேட்க வேண்டும், எடுத்த இடத்தில் தையல் போட வேண்டும், நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். அத்தனைக்கும் தொடக்கம் ஒரு கேள்வி. அந்த அம்மாளின் தாளில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டு, இல்லை என்ற பதிலும் வாங்கப்பட்டு, என் கையெழுத்தும் இருந்தது.

ஆட்டோவில் கோரிமேடு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவரை அந்த அம்மாளின் வாய்க்குள் என் விரல் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. வழியில் மயங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். அங்கே தையல் போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள், நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் திரும்பிப் போகவில்லை. வராதவர்களின் தாள்களைக் கிழிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கே போய் அவர் எதிரே நின்றேன். அவர் அன்றைய ஆட்களைக் குணப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா தொசியேவத் திருத்தணும் டாக்டர். ஒரே கோடாப் போட்டு அடிச்சிட்டு, நடந்தத எழுதி, இன்னைக்குத் தேதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். அதுக்கு வழி இருக்கு."

பேனாவை மூடினார். நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதைப் போல முகம் சுளித்தார்.

"தொசியேல கை வெக்கறதா? என்னா சிஸ்டர், இவ்ளோ படிச்சவங்க நீங்க. எழுதுனது எழுதுனதுதான்."

"நடக்காதத எழுதியிருக்கோம்."

"நின்னுச்சா இல்லியா இப்ப? ஒரு நாலஞ்சு மணி நேரம் முன்ன பின்ன. அவ்ளோதான."

அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் என் கைப்பையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பத்து நாள் கழித்து செல்வி என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் கணவன் குமார் முதலில் டாக்டரோடு சண்டைக்குத்தான் போயிருக்கிறான், சுகாதாரத் துறையில் புகாரும் கொடுத்திருக்கிறான். டாக்டர் அவனை உட்காரவைத்து, காபி வரவழைத்து, தொசியேயைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மருந்துகள் குறித்துக் கேட்கப்பட்டது. எதுவும் இல்லை என உடன் வந்தவர் கூறினார்.

"வூட்டுக்கு வந்து, நீதான கூடப் போனன்னு கேக்கறாரு. மாத்திர சாப்பிடறது தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தியான்னு. நாத்தனாருங்க ரெண்டு பேரும் என்னா சொல்றாங்க தெரியுமா சிஸ்டர்? கிழவி போவட்டும்னு இருந்தாளாம்."

"உங்க மாமியார் என்ன சொல்றாங்க?"

"யாரும் கேக்கலடா, கேக்கலடான்னு அவங்க சொல்லிக்கினுதான் இருக்காங்க. அம்மாவுக்கு மயக்கத்துல ஞாபகம் இல்லன்றாரு. தாள்ல எழுதியிருக்காம், கையெழுத்து இருக்காம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "இப்ப எங்கம்மா வூட்ல இருக்கேன். பொண்ணு அங்க இருக்கு. அந்தக் கையெழுத்து உங்களுதாமே."

"என்னுதுதான்."

"கேட்டாங்களா சிஸ்டர்?"

"இல்லம்மா."

"அத வந்து சொல்வீங்களா?"

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் இருந்தால் குழு எழுத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அதுவும் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போன கிழவியின் பேச்சு. பதில் யோசித்துக்கொண்டே, வலிக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தில் நாக்கால் கீழ் இடப்பக்கத்தைத் தொட்டேன். ஆறாவது பல் வலித்துக்கொண்டு அதன் இடத்தில் இருந்தது.

"வரேன்" என்றேன். மறுநாள் கோரிமேட்டில் அந்தப் பல்லை எடுக்க நேரம் வாங்கியிருந்தேன். போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விசாரணைக்கு ஒன்றரை மாதம் ஆனது. வலிக்கிற பல்லைப் பிடுங்காமல் பாதுகாப்பது எப்படி என்று எந்த நடைமுறைக் கையேட்டிலும் இல்லை. வலப்பக்கமாகவே மென்றேன். உப்புத் தண்ணீர், கிராம்புத் தைலம், மாத்திரை. விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், கன்னத்தில் ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தபோது டாக்டரே போன் செய்தார்.

"சா வா, சிஸ்டர்? சொகமா? கோவமெல்லாம் தணிஞ்சிச்சா? வியாழக்கெழம உங்களையும் கூப்புட்டிருப்பாங்க. கையெழுத்து என்னுதுதான்னு சொல்லுங்க, போதும்."

"அதத்தான் சொல்லப்போறேன் டாக்டர்."

"அப்புறம், பல்லு எடுத்த எடம் ஆறிடுச்சா?"

அவர் என்னைச் சீண்டவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது எடுத்தாகிவிட்டது.

"ஆறிடுச்சு டாக்டர்" என்றேன்.

விசாரணை ஒரு அலுவலக அறையில் நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு; நடுவில் தலைவராக ஒரு மூத்த பல் மருத்துவர், பெண்மணி. ஒரு பக்கம் செல்வி, அஞ்சலை அம்மாள், மூன்று நாற்காலி தள்ளிக் குமார். மறுபக்கம் எங்கள் டாக்டர். அந்த நாளின் தொசியேக்கள் அத்தனையும் கேட்டிருந்தார்கள். அலமாரியில் இருந்தபடியே ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவர் திரும்பப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். எழுதியதை அவர் ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை, யாராவது வந்து நின்றாலொழிய. கட்டுக்கு மேலே தட்டச்சு செய்த ஒரு கடிதம் இருந்தது. என் நாற்காலியிலிருந்தே தெரிந்தது. எங்கள் மீது தவறில்லை எனக் கண்டறிந்த விசாரணைக் குழுவினருக்கு மனமார்ந்த நன்றி. அன்றைய தேதி.

தலைவர் அஞ்சலை அம்மாளின் தாளை என் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்தா சிஸ்டர்?"

"ஆமா மேடம்."

"மருந்து பத்திக் கேட்டதா இருக்கு. கேட்டப்போ கூட இருந்தீங்களா?"

"யாரும் கேக்கல. நானும் கேக்கல. அந்தக் கையெழுத்து காலையில எட்டே முக்காலுக்குப் போட்டது. அவங்க வந்ததே பத்தரைக்கு."

டாக்டர் சிரித்தார், வருத்தமாக. "சிஸ்டர் கோவிச்சிக்கிட்டுப் போனவங்க மேடம். வயசும் ஆயிடுச்சு. இப்ப ஒண்ணு சொல்றாங்க, அப்ப ஒண்ணு கையெழுத்துப் போட்டிருக்காங்க. எது தொசியேல இருக்குதோ அதான நெஜம்?"

குமார் தலையாட்டினான். செல்வி அதைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டுலயே என் தொசியேவும் இருக்கு மேடம்" என்றேன். "அதையும் படிச்சிடுங்க."

ரிப்பனை அவிழ்த்துத் தேடி எடுத்தார். சத்தமாகப் படித்தார். பல் முப்பத்தாறு அகற்றப்பட்டது. பன்னிரண்டு இருபதுக்கு ரத்தம் நின்றது. அரை மணி நேரம் கண்காணிக்கப்பட்டார். மறுநாள் போனில் விசாரிக்கப்பட்டது, வலி இல்லை. கீழே வந்ததும் நிறுத்தினார். "உங்க பல்ல எடுத்ததுக்கு நீங்களே சரிபார்த்ததா போட்டிருக்கீங்க?"

"ஆமா மேடம். வெக்கமாத்தான் இருக்கு."

பிறகு வாயைத் திறந்தேன்.

தலைவர் எழுந்து வந்தார். செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். போனை டாக்டரிடம் நீட்டினார். ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார்.

"நீங்களே பாத்து எழுதிக் குடுங்க டாக்டர்."

அவர் குனிந்தார். நான்கு வருஷம் அவரிடம் வேலை செய்திருக்கிறேன். ஒரு வாயை அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை என் பல்லைப் பார்த்தார், மேசையில் இருந்த தொசியேயைப் பார்த்தார், மறுபடியும் பல்லைப் பார்த்தார். விரலால் தொட்டார். எனக்கு உயிர் போனது, வாயை மூடவில்லை. பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். ஒரே ஒரு வரி. அதில் ஒரு இடத்தில் அடித்தல்கூட இருந்தது.

"மேடம்" என்றாள் செல்வி. "அவரு என்னா எழுதனாருன்னு சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு கேக்கணும்."

தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தாளைப் பார்த்தபடி படித்தார்.

"கீழ் இடது ஆறாவது பல் இருக்கிறது."

குமார் டாக்டரிடம், "அப்போ எங்கம்மாவ யாரும் ஒண்ணும் கேக்கலியா சார்?" என்றான். அதற்கு அவரிடம் எழுதிவைத்தது எதுவும் இல்லை.

"நான்தான் சொன்னனேடா" என்றார் அஞ்சலை அம்மாள்.

செல்வி எழுந்தாள். மாமியார் மடியிலிருந்த ஒயர் கூடையை வாங்கி, நாலாக மடித்த அந்தச் சீட்டு உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். மூன்று நாற்காலி தள்ளிப் போய்க் கூடையைக் கணவன் மடியில் வைத்தாள்.

"இனிமே இத நீ வெச்சிக்க. அடுத்த தடவ அத்த கூட நீ போ."